சிறுநீர்ச் சோதனையும் நாம் உண்ணும் மருந்துகளும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலையில் சிறுநீர்ச் சோதனையைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள்க. நம் இல்லத்து முதியோர் பலர்க்கும் இச்சோதனை அடிக்கடி நடைபெறுகின்றது. உண்ணும் மருந்தே அதன் முடிவை மாற்றிக் காட்டக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

அமெரிக்க வேதியியலறிஞர் ஸ்டான்லி பெனடிக்ட் கண்ட நீலத் திரவம் உங்களிற் சிலர்க்கு நினைவிருக்கலாம். அத்திரவம் 5 மில்லி லிட்டரில் 8 துளி சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் எனத் தோன்றும். ஆனால் வைட்டமின் சி மிகுந்திருப்பினும் அதன் நிறம் மாறும். இல்லாத சர்க்கரை இருப்பதாகத் தோன்றும். 1956-இல் சர்க்கரையை மட்டும் அறியும் ‘கிளினிஸ்டிக்ஸ்’ என்னும் சோதனைப் பட்டை வெளிவந்தது. இன்றைய பட்டைகள் அவ்வழி வந்தவையே. விந்தை யாதெனில், அதே வைட்டமின் சி இப்பட்டைகளில் நேர்மாறாக வேலை செய்கின்றது. நிறம் தோன்றவொட்டாமல் தடுத்து, உள்ள சர்க்கரையையும், சிறுநீரிற் கலந்த குருதியையும் மறைத்துவிடக்கூடும். குருதி மறைந்தால் சிறுநீர்ப்பை நோயும் உரிய காலத்தில் அறியப்படாது போகலாம்.

மற்றொன்று கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்னும் நீரிழிவு மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவன. ஆகவே, குருதியில் சர்க்கரை கட்டுக்குள் இருப்பினும் சிறுநீரில் மிகுந்தே காணும். இதனை அறியாது அஞ்சி, உணவைக் குறைத்து இன்சுலினைக் கூட்டினால், குருதிச் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம்.

சிறுநீர் எரிச்சலுக்குப் பருகும் சிட்ரேட் மருந்து சிறுநீரில் காரத்தன்மையை மிகுவித்து, இல்லாத புரதத்தை உள்ளதாகக் காட்டக்கூடும். கிருமிக்கொல்லி மருந்து உண்ட பின் எடுத்த சிறுநீரில் கிருமி வளராதிருக்கலாம். அதனால் நோய் தீர்ந்ததென்று கொள்ளலாகாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அது மருந்தின் நிறம். அஞ்சி மருந்தை நிறுத்துதலே கேடு.

இவ்விடத்தில் நமக்கொரு தனிக் கவலை உண்டு. ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர்க்கு இவ்வூர் மொழி தெரியாது. “வேறு மருந்து உண்கிறீர்களா?” என மருத்துவர் வினவினால், பொருள் விளங்காமல் தலையசைத்து விடுவர். அத்தலையசைப்பே மருத்துவர்க்கு விடையாகிவிடுகின்றது.

ஆதலின், அவர்கள் உண்ணும் மருந்துகளின் பெயர், அளவு, கடைசியாக உண்ட நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வைட்டமின் மாத்திரையையும் நாட்டு மருந்தையும் விட்டுவிடாதீர்கள். சோதனைக்காக எம்மருந்தையும் நாமே நிறுத்தலாகாது. உள்ளதை உரைத்தல் நம் கடன். நிறுத்துவதா, வேறு சோதனை செய்வதா எனத் தீர்மானித்தல் மருத்துவர் கடன்.

இன்றிரவே அத்தாளை எழுதத் தொடங்குவீர்களாயின், என் பேச்சு பயன் பெற்றதாகும்.