சொற்குற்றமும் பொருட்குற்றமும்



தை பிறந்தால் வழி பிறக்கிறதோ இல்லையோ, ஒரு சண்டை பிறந்துவிடுகிறது. ஒருவர் முகநூலில் 'பொங்கல் வாழ்த்துக்கள்' என்று எழுதுவார். அவருடைய சித்தப்பாவோ, கூடப் படித்தவரோ, முன்பின் தெரியாத ஒருவரோ அடியில் வந்து, 'வாழ்த்துகள் என்பதே சரி, நீங்கள் எழுதியிருப்பது கள்ளுக்கு வாழ்த்து' என்பார். வாழ்த்தியவர் பொங்கல் பானையை விட்டுவிட்டுக் குற்றியலுகரத்துக்கு விளக்கம் தேடிக்கொண்டிருப்பார். மாட்டுப் பொங்கல் வரைக்கும் இது ஓடும்.

இந்தச் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. நான் 'வாழ்த்துகள்' என்றே எழுதுகிறேன். கள் என்பது விகுதி, அது சேரும்போது வலி மிக வேண்டியதில்லை என்ற வாதம் எனக்கு ஏற்புடையது. ஆனால் இடையில் 'க்' வந்தால் அது குடிக்கிற கள் ஆகிவிடும் என்ற காரணத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படியென்றால் பூக்களும் பசுக்களும் கோயில் குருக்களும் தள்ளாட வேண்டும். மக்கள் பாடு இன்னும் மோசம். தமிழ் கற்றுத் துறைபோன பெரியவர்கள் பலர் 'எழுத்துக்கள்' என்று எழுதி, அப்படியே அச்சிட்டும் போயிருக்கிறார்கள். வன்றொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்ற பழக்கம் அவர்கள் கையில் இருந்தது. திருத்த வந்தவர் நினைப்பதுபோல இது ஒரு வரியில் தீர்கிற வழக்கு அன்று.

இணையத்தில் பிறர் எழுத்தில் உள்ள பிழையைப் பலர் அறியச் சுட்டிக்காட்டுவது நியாயமா? இதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். நியாயம்தான், சில இடங்களில். அந்த இடங்கள் எவை என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

பிழை பிடிப்பவர்களுக்கெல்லாம் குலதெய்வம் நக்கீரர். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் ஏ.பி. நாகராஜனே நக்கீரராக வந்து நின்ற பிறகு, அந்தத் தெய்வத்துக்கு ஒரு முகமும் குரலும் கிடைத்துவிட்டன. நெற்றிக்கண் வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் இன்றும் பலர் அடுத்தவர் பதிவில் காலை வைக்கிறார்கள். ஆனால் அந்தக் காட்சியில் அவர்கள் கவனிக்காமல் விடும் ஓர் இடம் இருக்கிறது. பாட்டில் கண்ட குற்றம் சொல்லிலா பொருளிலா என்று இறைவன் கேட்கிறார். சொல்லில் குற்றம் இல்லை, இருந்தாலும் அதை மன்னித்துவிடலாம், குற்றம் பொருளில்தான் என்று நக்கீரர் பதில் சொல்கிறார். குலதெய்வமே சொற்குற்றத்தைத் தள்ளுபடி செய்துவிட்டது. பக்தர்கள்தான் விடுவதாக இல்லை.

இன்னொன்றும் உண்டு. நக்கீரர் வழக்காடியது யாரோடு? பொற்கிழிக்காகப் பாட்டைக் கையில் வாங்கி வந்த தருமியோடு அன்று. பாட்டுக்குப் பொறுப்பேற்று, 'நான் எழுதியது' என்று அவையில் வந்து நின்றவரோடு. அவர் சாதாரண ஆளும் இல்லை. பாண்டியன் அவையில், பரிசு கேட்டு வைக்கப்பட்ட ஒரு பாட்டின் மீது, சங்கத்துத் தலைமைப் புலவர் என்ற பொறுப்பில் நக்கீரர் பேசினார். அந்த அளவுக்கு எல்லாம் பொருந்தியிருந்தால் நாமும் நெற்றிக்கண்ணுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

நம்மிடம் கடுமையான திருத்தல் மரபு இருந்தது உண்மை. தவறாகப் பாடினால் குட்டுவதற்குப் பிள்ளைப் பாண்டியன் இல்லையே, காதை அறுக்க வில்லிபுத்தூரார் இல்லையே, தலையை வெட்ட ஒட்டக்கூத்தர் இல்லையே, அதனால்தான் கண்டவரும் புலவராகிவிட்டார்கள் என்று ஏங்குகிற ஒரு தனிப்பாடல் இருக்கிறது. இன்று அது கிடைத்தால் பலர் தம் முகநூல் முகப்பில் வைத்துக்கொள்வார்கள். அந்தத் தண்டனைகள் கதையாகவே இருக்கட்டும். அந்தக் கதையிலும் குட்டும் வெட்டும் புலவன் என்று பட்டம் கட்டிக்கொண்டு வந்தவனுக்குத்தான். ஓலையில் வீட்டுக் கணக்கு எழுதியவன் காதை யாரும் தேடிப் போகவில்லை.

மறுபக்கத்தில் அவையடக்கம் என்ற மரபு. கம்பர் தம் காவியத்தின் தொடக்கத்தில், குழந்தைகள் தரையில் கோடு கிழித்து இது அறை, இது ஆடரங்கு என்று விளையாடினால் தச்சர்கள் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்கிறார். கம்பரே இப்படிக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தார் என்பது ஒரு பக்கம். தச்சர்களிடம் அவர் எதை எதிர்பார்த்தார் என்பது அதைவிட முக்கியம். தொழில் தெரிந்தவன் கோபப்பட மாட்டான் என்பது அவர் நம்பிக்கை. இணையத்தில் நான் பார்த்தவரை, அரைகுறையாகத் தெரிந்தவர்தான் அதிகம் கோபப்படுகிறார். ஒற்று மிகும் இடம் நான்கைக் கற்றவருக்கு மிகா இடம் நாற்பது இருப்பது இன்னும் தெரியாது.

சரி, இன்று எழுதுகிறவர் யார்? 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 18 பேர். 2011இல் தமிழ்நாட்டில் மட்டும் நூற்றுக்கு 80 பேர். இந்த எண்பது பேரில் பெரும்பாலோர் பள்ளியை விட்டு வந்தபின் தமிழில் ஒரு பக்கம்கூட எழுதத் தேவையில்லாமல் இருந்தவர்கள். கையெழுத்துப் போடுவார்கள், படிவம் நிரப்புவார்கள், கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதுவார்கள். கைப்பேசி வந்த பிறகுதான் தமக்குத் தோன்றியதைத் தம் மொழியில், நாலு பேர் படிக்க எழுதுகிறார்கள். தமிழ் எழுதுகிற கூட்டம் இவ்வளவு பெரிதாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கூட்டம் பெருத்தால் பிழையும் பெருகும்.

அந்தக் கைப்பேசியையும் கொஞ்சம் பாருங்கள். பலர் பயன்படுத்துவது, ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாறும் விசைப்பலகை. சின்ன 'எல்' தட்டினால் ல, பெரிய 'எல்' தட்டினால் ள. சின்ன 'என்'னுக்கு ன, பெரிய 'என்'னுக்கு ண. சின்ன 'ஆர்' ர, பெரிய 'ஆர்' ற. பேருந்தில் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகைக் கட்டைவிரலால் தட்டுகிறவர் ஒவ்வொரு ளகரத்துக்கும் மேலே போய் இன்னொரு விசையை அமுக்க வேண்டும். அவருக்கு 'பள்ளி' எழுதத் தெரியும். பரீட்சைத் தாளில் அவர் ஒருநாளும் 'பல்லி' என்று எழுதியிருக்க மாட்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை உள்ள தமிழ்99 பலகை 1999இலேயே வந்துவிட்டது. அதை இன்னும் நாம் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு யார் மீது பிழை சுட்டுவது?

விசை ஒரு காரணம். காது இன்னொரு காரணம். தென் மாவட்டங்கள் பலவற்றில் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். சென்னைப் பக்கம் அது யகரமாகும். ரகரமும் றகரமும், னகரமும் ணகரமும் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் வாயில் ஒன்றாகிப் பல காலம் ஆயிற்று. ஒரே ஒலி, இரண்டு எழுத்து. எது எங்கே வரும் என்பது புத்தகம் படித்துப் படித்துக் கண்ணில் பதிய வேண்டிய செய்தி. வீட்டில் புத்தகம் இருந்தவருக்குப் பதிந்தது. பாட்டன் தலைமுறையில் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்க விடாமல் நிறுத்தப்பட்ட குடும்பத்தில் இப்போதுதான் பதிந்துகொண்டிருக்கிறது. எழுத்துப்பிழையைப் பார்த்துச் சிரிக்கிறவர் பல சமயம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரிக்கிறார். தெரிந்தே சிரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பிழையே இல்லாததைப் பிழை என்பதும் நடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போன ஒருவர் 'ரொறன்ரோ' என்று எழுதினால், இங்கிருந்து ஒருவர் 'டொரன்டோ என்று எழுதத் தெரியாதா' என்று கேட்கிறார். ஆங்கில 'டி' ஒலிக்கு ஈழத்தில் வழங்கும் எழுத்துமுறை அது. அவர்கள் பத்திரிகைகளும் நூல்களும் அப்படித்தான் அச்சாகின்றன. நம்முடைய டகரம் அவர்கள் காதுக்குத் தடியாகக் கேட்கும். இரண்டு வழக்கில் எது மேல் என்று தீர்ப்பு எழுத மதுரைக்கும் சென்னைக்கும் யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

எழுத்தின் வடிவமே கூட நிலையாக நின்றதில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். எகர ஏகார, ஒகர ஓகாரங்களைப் பிரித்துக் காட்டும் இன்றைய வடிவம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தோடு வந்தது. 'லை', 'னை' என்று இன்று நாம் எழுதும் முறையைப் பெரியார் 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் கையாண்டார். 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்கும் வரை பள்ளிப் பிள்ளை அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மை விழுந்திருக்கும்.

நம் இலக்கணக்காரர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர். சரி, தவறு என்ற இரண்டோடு அவர்கள் நிற்கவில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்றாகப் பார்த்தார்கள். தொழுவத்துப் பசுவைக் காட்டி 'என் அம்மா வந்துட்டா' என்று ஒருவர் சொன்னால் திணை வழுவுகிறது. அன்பினால் சொன்னார், ஆகவே அமைதி. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு என்று திணையும் பாலும் மயங்குவதற்கு ஐந்து காரணங்களை ஒப்புகிறது நன்னூல். பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமல்ல என்றும் பவணந்தியார் தம் நூலில் சொல்லிவைத்தார். இதைச் சாக்காக வைத்து 'பல்லிக்கூடம்' என்பதையும் வழுவமைதி ஆக்கிவிட முடியாது, எழுத்துப்பிழைக்கு அந்தச் சலுகை இல்லை. நான் எடுத்துக்கொள்வது அவர்களுடைய பழக்கத்தை. ஏன் அப்படிச் சொன்னார் என்று விசாரித்த பிறகுதான் அவர்கள் வழு என்று எழுதினார்கள்.

இனி, உரக்கச் சொல்ல வேண்டிய இடங்கள். பாடநூல். அரசாணை. நெடுஞ்சாலைப் பலகை. தொலைக்காட்சியில் கீழே ஓடும் செய்தி வரி. கோடிக் கணக்கில் செலவழித்து எடுத்த விளம்பரம். மொழியைக் காக்கப் பிறந்தவர் என்று சொல்லிக்கொள்பவருக்கு அறுபதடி உயரத்தில் வைத்த பதாகை. இங்கே எழுதியவருக்குச் சம்பளம் உண்டு, மேற்பார்வை உண்டு, திருத்த நேரம் உண்டு. 'சுவற்றில் எழுதாதீர்கள்' என்று அரசுச் சுவர்களில் பல ஆண்டுகளாக எழுதியே வைத்திருக்கிறார்கள். சுவர் என்பதோடு இல் சேர்ந்தால் சுவரில். இதை ஊர் கூடிச் சொன்னாலும் யார் மனமும் புண்படாது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் நம்மில் பலர் அந்தச் சுவரைத் தினமும் கடந்து போய்விட்டு, வீட்டுக்கு வந்ததும் அத்தை மகள் போட்ட பிறந்தநாள் வாழ்த்தில் ஒற்றுத் தேடுகிறோம். எதிர்த்துப் பேச முடியாதவரிடம் புலமை காட்டுவது எளிது.

எல்லாவற்றிலும் மோசமான வகை ஒன்று உண்டு. ஒரு பெண் தன் தெருவைப் பற்றி எழுதுகிறார்: 'தண்ணிர் லாறி பத்து நாலா வரல, யாருகிட்ட சொல்றது.' அடியில் வரும் முதல் பதில், 'முதலில் தமிழை ஒழுங்காக எழுதப் பழகு.' இரண்டாவது பதில் ஒரு சிரிப்புப் படம். மூன்றாவது ஆள் 'லாரி' இடையின ரகரமா வல்லின றகரமா என்று ஆராய்ச்சியில் இறங்குகிறார். லாரி வரவில்லை என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர் எழுதியதில் பொருட்குற்றம் ஏதும் இல்லை. பத்து நாளாகத் தண்ணீர் வராதது உண்மையானால், அந்தப் பதிவில் குற்றமற்றது அது ஒன்றுதான். சொற்குற்றத்தைத் தூக்கிப் பிடித்துப் பொருளை மூடிவிட்டார்கள். அரசியல் விவாதங்களில் இது இப்போது ஒரு தந்திரமாகவே ஆகிவிட்டது. பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் கேள்வியில் உள்ள சந்திப்பிழையை எண்ணு. அடுத்த முறை அந்தப் பெண் எழுத மாட்டார், அல்லது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார். அதில் ளகர லகரம் யாருக்கும் தெரியாது.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவாக நிறுவப்பட்டதோ, அந்த ஐயா வாழ்நாள் முழுதும் அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்தவர். கம்பாசிட்டர் ஈய எழுத்தைக் கையால் கோத்த காலம். ணகரப் பெட்டியில் னகரம் கலந்துவிட்டால் பக்கம் முழுதும் போகும். ஈரம் காயாத கேலி புரூஃபை ஒருவர் உரக்கப் படிக்க, இவர் மூலப்படியைப் பார்த்துக்கொண்டே ஓரத்தில் குறி போடுவார். புகழ்பெற்ற எழுத்தாளர்களின் பிழைகள் எல்லாம் அவருக்குத் தெரியும். யாருடையது எது என்று கேட்டால் வெற்றிலையை மென்றுகொண்டு பேச்சை மாற்றிவிடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். திருத்தம் அச்சுக்கு முன்னால், ஓரத்தில், எழுதியவர் மானம் போகாமல் நடந்தது. புத்தகத்தில் அவர் பெயர் இருக்காது. இன்றைய திருத்துநருக்கு எல்லாம் தலைகீழ். அச்சான பிறகு, நடுத்தெருவில், தம் பெயரோடு.

அந்த ஓரம் இன்றும் இருக்கிறது. உள்பெட்டியில் ஒரு வரி எழுதலாம். நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' சந்திப்பிழை திருத்தியும் 'வாணி' எழுத்துப்பிழை திருத்தியும் காசில்லாமல் கிடைக்கின்றன. அவை காட்டும் பிழையை எழுதியவர் மட்டுமே பார்க்கிறார். நூறு முறை தவறினாலும் அலுக்காமல் காட்டும். பிறரைத் திருத்துகிறவர்கள் தம் பதிலை அனுப்புமுன் ஒருமுறை அதில் இட்டுப் பார்ப்பதும் நல்லது. பிழை சுட்டும் பதில்களில் நான் கண்ட பிழைகளைத் தொகுத்தால் இன்னொரு சொற்பொழிவு ஆகும்.

மாணவர்கள் என்னிடம் கேட்கும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தமிழாசிரியரே தம் பக்கத்தில் பிழையோடு எழுதினால் சுட்டலாமா? அவர் இலக்கணக் குறிப்போ பாடமோ போட்டிருந்தால் தயங்காமல் சுட்டுங்கள், பிள்ளைகள் அதைப் படியெடுத்துப் படிப்பார்கள். பேத்தி முதன்முதலாக நடந்ததைப் படம் பிடித்துப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதியிருந்தால், குழந்தைக்கு என்ன வயது என்று கேளுங்கள்.