பாதி மலையில் திரும்பினோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது படிக்கும்போது குடியரசு தினத்துக்குப் பேச எழுந்து, ரெண்டு வரி சொல்லிவிட்டு மீதியை மறந்துபோய் உட்கார்ந்தவள் நான். அதனால எழுதி வெச்சுப் படிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க.

"மலை ஏறின அனுபவத்தைப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. ஏறினதை மட்டும் பேசினா அது பாதி உண்மைதான். நான் ஏறி முடிச்சது ஒரு மலை. பாதியில் திரும்பினது ஒரு மலை. ரெண்டையும் சொல்றேன்.

நம்ம ஊர் சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கு. காலையில் கோலம் போட்டு நிமிர்ந்தா மலைதான் தெரியும். ஆனா கல்யாணமாகி வந்த 16 வருஷத்தில் நான் ஏற்காடு போனது மூணே தடவை. மூணு தடவையும் பஸ்ஸில்தான். 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு தடவையும் எலுமிச்சம்பழத்தை மோந்துகிட்டே போய், ஏரியில் படகைப் பார்த்துட்டு, மிளகாய் பஜ்ஜி தின்னுட்டுத் திரும்பினேன். மலை மேல் நடந்ததே கிடையாது.

நம்ம குழுவில் "ஒரு நாள் நடந்து போய்ட்டு வரலாம், சேர்வராயன் கோயில் வரைக்கும்"னு பேச்சு வந்தப்போ, வீட்டில் கேட்க எனக்குப் பயம். அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அத்தைதான் என்ன சொல்வாங்களோன்னு இருந்தது. அத்தை கேட்டுட்டுச் சிரிச்சாங்க. "நாங்க காப்பிக்காட்டு வேலைக்கு அந்த மலையை நடந்தே ஏறி இறங்கினவங்க. நீ வேன்ல போய் நடக்கப் போறியா? போய்ட்டு வா"ன்னாங்க. அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாங்க. "ஏறுறது உன் இஷ்டம்டி. இறங்குறதுதான் மலையோட இஷ்டம். காலுக்கு மீதி வெச்சுட்டு ஏறு." அன்னைக்கு அது எனக்குப் புரியல.

22 பேர் போனோம். ஏற்காடு ஏரிக்கிட்ட இறங்கி, அங்கிருந்து நடை. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். ஊரே ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கு. சேர்வராயன் உச்சி 5,326 அடி. அதனால ஏற்றம் ரொம்ப இல்லை. ஐந்தாறு கிலோமீட்டர் நடைதான். ரெண்டு பக்கமும் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக் மரம், அதில் சுத்திக்கிட்டு ஏறின மிளகுக் கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்கிற வெள்ளைக்காரர்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அவர் பேரை எழுதி வெச்சிருக்காங்க. அதைப் பறிச்சு மூட்டை தூக்கின நம்ம அத்தைமார் பேரை யாரும் எழுதலை. நான் இங்கே சொல்லி வெக்கிறேன்.

உச்சியில் பெரிய கோபுரம் எல்லாம் கிடையாது. குகைதான் கோயில். குனிஞ்சு உள்ளே போகணும். சேர்வராயரும் காவேரி அம்மனும் உள்ளே இருக்காங்க. இந்தக் குகை காவேரி ஆறு வரைக்கும் போகுதுன்னு மலை ஜனங்க நம்பிக்கை. மே மாசம் திருவிழா நடக்கும். வெளியே வந்து புல்வெளியில் நின்னா காத்து முந்தானையைப் பிடிச்சு இழுக்குது. நம்ம ஊர் எந்தப் பக்கம் இருக்குன்னு கைகாட்டிக்கிட்டு நின்னோம்.

அன்னைக்கு ஒரு தப்பு நடந்துச்சு. திரும்பும்போது பனிமூட்டம் இறங்கிருச்சு. பத்தடி தள்ளி நிக்கிற ஆள் தெரியல. வேகமா நடக்கிறவங்க முன்னால போய்ட்டாங்க. கடைசியா வந்த ரெண்டு பேர் பாதை பிரியற இடத்தில் தோட்டத்துப் பக்கம் திரும்பிட்டாங்க. செல்போனில் டவர் இல்லை. அரை மணி நேரம் கத்தினோம். தோட்டத்தில் வேலை செஞ்ச மலை ஊர் அம்மா ஒருத்தர்தான் கூட்டிக்கிட்டு வந்து விட்டாங்க. அவங்க பேர்கூடக் கேட்காம வந்துட்டோம். அந்த வாரக் கூட்டத்தில் அதைப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். இனி எங்கே போனாலும் மெதுவா நடக்கிறவங்கதான் முன்னால போகணும். யாரும் தனியா ஏறக் கூடாது, தனியா இறங்கவும் கூடாது. திரும்பணும்னு யார் சொன்னாலும், ஏன்னு கேட்டு வம்பு பண்ணக் கூடாது. இந்த மூணாவது விதியை எழுதச் சொன்னது நான்தான். யாருக்கோ எழுதறதா நினைச்சேன்.

அடுத்த வருஷம் தை மாசம் பர்வதமலைக்குப் போனோம். திருவண்ணாமலை மாவட்டம், தென்மகாதேவமங்கலம். 4,560 அடின்னு சொல்றாங்க. கணக்குப் பார்த்தா சேர்வராயனை விடக் குறைவுதான். நானும் அப்படித்தான் நினைச்சு, பயந்தவங்களை எல்லாம் "நம்ம மலையை விடச் சின்னதுதான், வாங்க"ன்னு கூப்பிட்டேன். அது அறியாமை. ஏற்காட்டில் பஸ்ஸே நம்மை 5,000 அடிக்குத் தூக்கிட்டுப் போயிருச்சு. பர்வதமலையில் அடியிலிருந்து உச்சி வரை நம்ம கால்தான் போகணும். உயரத்தைப் பார்க்காதீங்க, எங்கிருந்து ஏற ஆரம்பிக்கிறோம்னு பாருங்க. கடன் வாங்கும்போதும் இதே கணக்குதான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

நாங்க 16 பேர். துணைக்கு எங்க உறுப்பினர் ஒருத்தரோட தம்பி. அந்த மலையை நாலு தடவை ஏறினவர். ராத்திரி ஒரு மணிக்கு வேன் எடுத்து, மஞ்சவாடி கணவாய் தாண்டி அரூர் வழியா, விடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்தோம். பச்சையம்மன் கோயில், வீரபத்திரர் கோயில் ரெண்டையும் கும்பிட்டு ஏற ஆரம்பிச்சோம். முதலில் படி. அப்புறம் காட்டுப் பாதை, கல்லும் வேருமா. குரங்கு நிறைய. மூணு மணி நேரம் போல அப்படித்தான் போச்சு. எனக்கு மூச்சு வாங்கினாலும் சந்தோஷமாத்தான் இருந்தது.

அதுக்கு மேலதான் கடப்பாரைப் பாதை. மொட்டைப் பாறை. அதில் இரும்புக் கடப்பாரைகளை அடிச்சு இறக்கி, சங்கிலி கட்டியிருக்காங்க. அதைப் பிடிச்சு, காலுக்கு இடம் பார்த்து வெச்சு ஏறணும். பக்கத்தில் மரம் இல்லை, செடி இல்லை. திரும்பிப் பார்த்தா நேரா கீழே வயலும் ஏரியும் சின்னச் சின்னக் கட்டமா தெரியுது. காத்து பலமா அடிக்குது.

நான் சங்கிலியைப் பிடிச்சு ஏழெட்டு எட்டு ஏறினேன். அப்புறம் கால் நடுங்க ஆரம்பிச்சது. தையல் மிஷின் ஊசி மாதிரி முட்டி ஆடுது. கைக்கு வியர்வை. மேலேயும் போக முடியல, கீழேயும் பார்க்க முடியல. மேலே போனவங்க "வா வா, அவ்வளவுதான்"ங்கிறாங்க. கீழே 10 பேர் எனக்காக நிக்கிறாங்க. இவங்களை எல்லாம் கூப்பிட்டு வந்தவளே நான். எப்படிப் பயம்னு சொல்றது? என் ரெண்டு பிள்ளைங்க முகம் வந்துச்சு. அத்தை சொன்ன வார்த்தை வந்துச்சு. இப்போ கஷ்டப்பட்டு ஏறிடலாம். இதே பாறையில் களைச்ச காலோட இறங்கணுமே, அப்போ என்ன மிச்சம் இருக்கும்?

"எனக்குப் பயமா இருக்கு. நான் திரும்புறேன்"னு சத்தமாச் சொல்லிட்டேன்.

அந்தத் தம்பி பாறையைப் பார்த்தபடியே, ஒவ்வொரு காலா, என் காலைக் கையால் பிடிச்சு இடம் காட்டி இறக்கிவிட்டார். கீழே வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்தது. யாரும் சிரிக்கலை. ஒரு நிமிஷம் கழிச்சு ஒரு அக்கா சொன்னாங்க, "எனக்கும் பயம்தான். நீ ஏறினா நானும் ஏறித்தானே ஆகணும்னு நின்னேன்." அப்புறம் இன்னொருத்தர். அப்படியே ஒவ்வொருத்தரா என்னோடு சேர்த்து ஆறு பேர் ஆகிட்டோம். எல்லோரும் மனசுக்குள்ள பயத்தை வெச்சுக்கிட்டு அடுத்தவங்க முகத்தைப் பார்த்து நின்னிருக்கோம்! மீதி 10 பேர் தம்பியோட மேலே போனாங்க. உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரருக்கும் பிரமராம்பிகைக்கும் தங்கள் கையாலேயே பூஜை பண்ணிட்டு, நல்லபடியா இறங்கி வந்தாங்க. அவங்களுக்கு ஒரு கைதட்டு கொடுங்க. அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனா நான் சொல்ல வந்தது இறங்கின ஆறு பேர் கதையை.

வீரபத்திரர் கோயில் நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு பிரிச்சோம். அந்த ஆறு பேரில் ஒரு தங்கச்சி சாப்பிடலை. என்னன்னு கேட்டேன். "அக்கா, நீ அங்கே பயமா இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொன்னியே, அது மாதிரி நான் ஒண்ணு சொல்லணும்"னா. தனியார் நிதிக் கம்பெனி மூணு இடத்தில் கடன். மொத்தம் 90,000 ரூபாய். ஒரு இடத்துத் தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கி, வாரத்துக்கு 2,300 ரூபாய் கட்ட வேண்டிய நிலை. வசூலுக்கு வர்றவங்க சாயங்காலம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பாங்களாம். "பங்குனிக்குள்ள ராத்திரியோட ராத்திரியா திருப்பூர் போயிடலாம்னு இருந்தோம் அக்கா. பசங்க பரீட்சைகூட எழுத வேண்டாம்னு சொல்லிட்டார்"னா.

வாரா வாரம் கூட்டத்துக்கு வந்து, சிரிச்சுப் பேசி, சேமிப்பையும் தவறாமல் கட்டினவள் அவள். எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. அவள் போயிருந்தா அவள் குடும்பம் ஊரை விட்டுப் போயிருக்கும். குழுவின் வங்கிக் கடனில் அவள் பங்கையும் நாங்கதான் சுமந்திருப்போம். பழி சொல்லிக்கிட்டே சுமந்திருப்போம்.

அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். கோபப்பட்டவங்களும் இருந்தாங்க, மறைக்க மாட்டேன். ரெண்டு மணி நேரம் பேசி, ஒரு இடத்துக் கடனை அடைக்க உள்கடன் கொடுத்தோம். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. இன்னொரு இடத்துக்கு நாலு பேர் கூடப் போய்ப் பேசி, தவணையை அவள் கட்டக்கூடிய அளவுக்குக் குறைச்சோம். மூணாவது இடம் இன்னும் பாக்கி இருக்கு. ஆனா பிள்ளைங்க பரீட்சை எழுதிட்டாங்க. அவள் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கா. அவள் சம்மதம் கேட்டுத்தான் இதைச் சொல்றேன். பேரைச் சொல்லலை.

கடப்பாரைப் பாறையில் ஏழாவது எட்டில் திரும்புறது சுலபம். எழுபதாவது எட்டில் திரும்புறது கஷ்டம். கடனும் அப்படித்தான். முதல் தவணை தவறும்போதே "முடியல"ன்னு சொன்னா கைபிடிச்சு இறக்கிவிட ஆள் இருக்கும்.

மலைக்கே போகாதீங்கன்னு நான் சொல்லலை. விருதுநகர் மாவட்டத்துப் பொண்ணு முத்தமிழ்ச்செல்வி, ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய், 2023 மே மாசம் எவரெஸ்ட் ஏறினாங்க. தமிழ்நாட்டிலிருந்து போன முதல் பெண் அவங்கதான். அதே சமயம் 2018 மார்ச் 11-ஆம் தேதியை மறக்கக் கூடாது. மகளிர் தினத்தை ஒட்டித் தேனி மாவட்டம் குரங்கணி மலைக்குப் போனவங்க காட்டுத்தீயில் மாட்டி, 23 பேர் இறந்தாங்க. பெண்கள் நிறைய. அதுக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024-இல் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோட கூட்டிக்கிட்டுப் போறாங்க. வெயில் காலத்தில் தீ பயம் இருந்தா மூடிடுவாங்க. மூடியிருக்குன்னா திருட்டுத்தனமா ஏறக் கூடாது.

அடுத்த தடவை போறவங்களுக்குச் சில விஷயம் சொல்றேன். சேலையை விட சுடிதார் நல்லது. சேலைதான்னா முந்தானையை இழுத்துச் சொருகி பின் குத்திக்கோங்க. தேய்ஞ்ச ரப்பர் செருப்பு வேண்டாம், வழுக்கும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. பாட்டில் காலியானாலும் கீழே கொண்டு வாங்க. கடலை மிட்டாய், கொஞ்சம் உப்பு, எலுமிச்சை வெச்சுக்கோங்க. வழியில் ஒதுங்க இடம் இருக்காதுன்னு பயந்து தண்ணி குடிக்காம ஏறாதீங்க, அதில்தான் பாதிப் பேருக்கு மயக்கம் வருது. எத்தனை மணிக்குத் திரும்பணும்னு கீழேயே முடிவு பண்ணிடுங்க, உச்சி கண்ணில் தெரிஞ்சாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிடுங்க. பாறையில் இறங்கும்போது முகம் பாறைப் பக்கம் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட, "உச்சிக்குப் போகலை அத்தை, பாதியில் திரும்பிட்டேன்"னு சொன்னேன். அத்தை சுடுதண்ணி வெச்சு, என் காலுக்கு ஊத்தினாங்க. "வீடு வந்து சேர்ந்தாதான் மலை ஏறின கணக்கு. நீ ஏறிட்டே, போ"ன்னாங்க.

வர்ற தை மாசம் திரும்பவும் போறோம். அந்தத் தங்கச்சியும் வர்றா. கடப்பாரைப் பாதை வரைக்கும் நிச்சயம். அதுக்கு மேல அன்னைக்குக் கால் என்ன சொல்லுதோ, அப்படி. வர விருப்பம் இருக்கிறவங்க பேர் கொடுங்க. பயம் இருக்கிறவங்க முதலில் கொடுங்க. நம்ம விதிப்படி அவங்கதான் முன்னால நடக்கணும்.