தலைக்கு ஷாம்பு கட்டி

சீயக்காய் அரைத்த வீடுகளுக்குள் இப்போது ஷாம்பு கட்டி வந்திருக்கிறது. ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காமல், உறையைத் திருப்பிப் படியுங்கள். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் செய்தது என்றால், பெயர் எதுவானாலும் அது சோப்புதான். சோப்பின் பி.ஹெச். அளவு 9, 10 என்று இருக்கும். நம் தலைத்தோலோ 5.5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை உடையது.

சங்கரன்கோவில் மாதிரி வறண்ட ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து முடியில் படிந்துவிடும். எவ்வளவு அலசினாலும் பிசுபிசுப்பு போகாது. அந்தத் தண்ணீருக்கு, தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கும் ‘சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்’ என்ற சோப்பல்லாத நுரைப்பொருள் சேர்ந்த கட்டியே தோது.

எண்ணெய் வடியும் தலைக்குச் சீயக்காய், அரப்பு சேர்ந்தது பொருந்தும். வறண்ட முடி, சுருட்டை முடி என்றால் செம்பருத்தியும் வெந்தயமும் சேர்ந்ததைப் பாருங்கள். அடிக்கடி தேய்க்கவும் வேண்டாம்.

கட்டியை முடிமேல் போட்டு உரசினால் சிக்கு விழும். உள்ளங்கையில் நுரையாக்கி, விரல்நுனியால் தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். நுனிமுடிக்கு வழிகிற நுரையே போதும். குளித்ததும் ஓட்டை வைத்த டப்பாவில் காயவிடுங்கள், கட்டி குழையாது.