இரண்டு கொத்தால் அளக்கலாமா?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கிராமச் சபையொன்றில், "அரசியலில் பெண்கள்" எனும் பொருள்பற்றி நிகழ்த்தப்பெற்ற உரையின் வடிவம்.)



நெல்லை வாங்கும்போது ஒரு கொத்தாலும் விற்கும்போது வேறொரு கொத்தாலும் அளக்கும் வியாபாரியை நமது கமக்காரர் நன்கு அறிவர். அவனுடைய கணக்குப் புத்தகம் எவ்வளவு சுத்தமாயிருந்தாலும் அவனை நாம் நேர்மையானவன் என்று சொல்வதில்லை. ஆனால், தேர்தல் வந்தவுடன் நாமே அவ்வியாபாரியைப் போல இரண்டு கொத்துக்களைக் கையில் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று ஆண் அபேட்சகரை அளப்பதற்கு. மற்றது பெண் அபேட்சகரை அளப்பதற்கு.

ஆண் ஒருவர் நிற்கிறார் என்றால், "எந்தக் கட்சி? என்ன படிப்பு? ஊருக்கு என்ன செய்தவர்?" என்று கேட்கிறோம். பெண் ஒருவர் நிற்கிறார் என்றால், "ஆருடைய மகள்? கலியாணம் முடித்தவவோ? புருஷன் சம்மதமோ? பிள்ளைகளை ஆர் பார்க்கிறது?" என்று கேட்கிறோம். ஐந்து பிள்ளைகளின் தகப்பன் இரவு பன்னிரண்டு மணிவரை மேடையில் நின்றால் அது பொதுத்தொண்டு. இரண்டு பிள்ளைகளின் தாய் இரவு எட்டு மணிக்கு மேடையில் நின்றால் அது பொறுப்பின்மை. அவர் உரத்துப் பேசினால் வீரம். இவர் உரத்துப் பேசினால் வாய்க்கொழுப்பு. அவர் மெல்லப் பேசினால் பண்பு, இவர் மெல்லப் பேசினால் "இவவாலே என்ன ஏலும்?" என்ற கேள்வி. இவ்விரு கொத்துக்களையும் இன்று இச்சபையின் நடுவில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

வாக்குரிமை வந்த வழி

இந்த இரட்டை அளவை இன்று நேற்று தோன்றியதன்று. 1927ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமெனக் கோரப் பெண்களே சங்கம் அமைத்து, ஆணைக்குழுவின் முன் சாட்சியமும் அளித்தனர். ஆணைக்குழு என்ன விதந்துரைத்தது? ஆண்களுக்கு இருபத்தொரு வயதில் வாக்கு. பெண்களுக்கு முப்பது வயதில் வாக்கு! ஆண்பிள்ளைக்கு இருபத்தொன்றில் வரும் புத்தி பெண்பிள்ளைக்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் கழித்தே வருமென்று கருதினார்கள் போலும். பின்னர் அந்த வேறுபாடு நீக்கப்பட்டு, 1931இல் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதில் சர்வசன வாக்குரிமை கிடைத்தது.

நமது தலைவர்கள் அன்று எங்கே நின்றார்கள்? சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய பெருந்தகை. தமிழ்ப் பெண் கல்விக்கு அவர் செய்த தொண்டினை நாம் என்றும் மறவோம். அப்பெருந்தகையே பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். பெண் படிக்கலாம், படித்தவள் வாக்களிக்கலாகாது! அவருடைய தொண்டைச் சிறுமைப்படுத்த இதனைக் கூறவில்லை. அத்தகைய பெரியார் கையிலும் இரண்டு கொத்துக்கள் இருந்தனவென்றால், நமது கைகளை நாம் எவ்வளவு கவனமாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம்.

ஆண் இல்லாத ஆசனம்

சட்டசபைக்குள் பெண்கள் நுழைந்த வாசலைப் பாருங்கள். 1931இல் இலங்கையின் அரசாங்க சபைக்கு முதன்முதல் தெரிவான பெண் அடலின் மொலமுறே. தந்தையார் இறந்ததனால் வெற்றிடமான ருவான்வெல்லத் தொகுதியில் வென்றார். 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி வென்றார். கணவர் ஆசனத்தை இழந்தபடியால் அவர் போட்டியிட நேர்ந்தது. 1936இல் மக்கள் அவரை மீண்டும் தெரிவு செய்தனர். கணவரின் பெயரால் உள்ளே வந்தவர் தமது வேலையால் அங்கே நிலைத்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அதற்குப் பின்னர் நேர்ந்தது என்ன? 1947 முதல் 1977 வரை நடைபெற்ற எட்டுப் பொதுத் தேர்தல்களிலும் வடக்குக் கிழக்கிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே சத்தியாக்கிரகம் நடந்தபோது, வெயிலில் அமர்வதற்குப் பெண்கள் வேண்டியிருந்தனர். பாராளுமன்றத்தின் நிழலில் அமர்வதற்கு அவர்கள் வேண்டப்படவில்லை.

1980இலே இரங்கநாயகி பத்மநாதன் பொத்துவில் தொகுதியின் ஆசனத்தில் அமர்ந்தார்; அது சுடப்பட்டு மறைந்த அவர் சகோதரர் கனகரத்தினத்தின் ஆசனம். 1989இல் வன்னியிலிருந்து இராஜமனோகரி புலேந்திரன் சென்றார். அவர் கணவர் 1983இல் கொல்லப்பட்டவர். 2010இல் யாழ்ப்பாணத்திலிருந்து விஜயகலா மகேஸ்வரன் சென்றார். அவர் கணவர் 2008ஆம் ஆண்டின் முதல் நாள் கோயிலிலே சுட்டுக் கொல்லப்பட்டவர். 2004இல் மட்டக்களப்பிலிருந்து சென்ற தொல்லியல் அறிஞர் தங்கேஸ்வரி கதிராமன் போன்றவர்கள் வேறு வழியாக வந்தார்கள் என்பது உண்மையே. எனினும், பெரும்பாலான வேளைகளில் நமது கட்சிகள் பெண்ணைத் தேடிச் சென்றது, ஓர் ஆண் இல்லாமற் போன பிறகுதான்.

இதிலே நமது சமூகத்தின் பொய்ம்மை ஒன்று உண்டு. கணவனை இழந்த பெண்ணைக் கலியாண வீட்டு முன்வரிசையில் இருத்த நாம் தயங்குகிறோம். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது அவர் எதிரே வந்தால் முகஞ் சுளிப்பவர்கள் இன்றும் நம்மிடையே உளர். ஆனால் தேர்தல் வந்தால், அதே பெண்ணின் கையிலே கணவரின் படத்தைக் கொடுத்து மேடையின் நடுவில் நிறுத்துகிறோம். அவருடைய துயரம் வாக்காக மாறும்வரை அவர் நமக்குத் தெய்வம். வெற்றி பெற்றபின் அவர் சொந்தமாக ஒரு கருத்தைச் சொன்னால், "அவரின் பெயரிலே வந்தவவுக்கு இவ்வளவு கதையோ?" என்கிறோம்.

2013ஆம் ஆண்டு வட மாகாண சபைத் தேர்தலை நினைவுகூருங்கள். அனந்தி சசிதரன் 87,870 விருப்பு வாக்குகள் பெற்று யாழ் மாவட்டத்தில் இரண்டாம் இடத்தில் வந்தார். தேர்தலுக்கு முன் அவர் வீடு தாக்கப்பட்டது. வாக்களிப்பு நாளன்று, அவர் அரசாங்கத்தின் பக்கம் மாறிவிட்டார் என்று அறிவிக்கும் போலிப் பத்திரிகையொன்று பரப்பப்பட்டது. இவற்றையெல்லாம் கடந்து வந்த ஒருவரை எத்தனை பேர் அவருடைய சொந்தப் பெயரால் குறிப்பிட்டோம்? "இன்னாரின் மனைவி" என்றுதானே சொன்னோம்!

கண்டனம் வேறு, கேலி வேறு

பெண் அரசியல்வாதியைக் கண்டிக்கலாகாது என்று நாம் கூறவில்லை. 1960ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதம மந்திரியானார். தேர்தற் காலத்தில் எதிரிகள் அவரை "அழும் விதவை" என்று எள்ளி நகையாடினர். அவருடைய ஆட்சியிலேதான் 1961இல் நமது சத்தியாக்கிரகம் இராணுவத்தைக் கொண்டு கலைக்கப்பட்டது. அதனை நாம் மறக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. அவருடைய கொள்கையையும் செயலையும் கண்டிக்கத் தமிழருக்கு ஆயிரம் நியாயங்கள் உண்டு. ஆனால், கணவரை இழந்தவரின் கண்ணீரைக் கேலி செய்ய ஒரு நியாயமுமில்லை. ஆண் பிரதம மந்திரியை எந்தக் காரணத்துக்காகக் கண்டிப்போமோ, அதே காரணத்துக்காகப் பெண் பிரதம மந்திரியையும் கண்டிப்போம். அதே சொற்களாலே கண்டிப்போம். ஒரே கொத்து என்பதன் பொருள் இதுவே.

காணி உறுதியும் தேர்தற் செலவும்

இனி, பலர் பேசாத ஒரு விடயத்துக்கு வருகிறோம். தேர்தலுக்குப் பணம் வேண்டும். 1989 முதல் நாம் அனுபவித்துவரும் விருப்பு வாக்கு முறையில், அபேட்சகர் முழு மாவட்டத்திலும் தம்மை அறிமுகஞ் செய்ய வேண்டும். எதிர்க்கட்சியோடு மட்டுமன்றித் தமது கட்சிக்காரரோடும் போட்டியிட வேண்டும். வாகனம், துண்டுப்பிரசுரம், ஆட்கள், உணவு எல்லாவற்றுக்கும் செலவு. ஆண் ஒருவர் காணியை ஈடுவைத்துத் தேர்தலில் இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம்.

பெண்ணுக்கும் சீதனக் காணி உண்டே என்பீர்கள். இங்கே இருக்கும் நொத்தாரிசுமாருக்கும் சட்டத்தரணிகளுக்கும் நாம் சொல்லத் தேவையில்லை. தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண், தனக்கே உரிய காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாதென 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. அவன் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தின் வாசலுக்குப் போக வேண்டும். கணவன் தன் காணியை விற்க மனைவியின் கையெழுத்து வேண்டுமா? அவ்வாறு ஒரு விதியும் இல்லை. நாட்டுக்குச் சட்டமியற்றச் செல்ல விரும்பும் பெண், தாய் தந்த காணியில் ஒரு பரப்பை ஈடுவைக்க மற்றொருவர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். அதன்பின், "பெண்கள் முன்வருகிறார்கள் இல்லையே!" என்று நாம் குறைப்படுகிறோம்.

கால்வாசி தந்த பாடம்

உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இரண்டு பெண்கள்கூட இல்லாதிருந்த நிலையில், கால்வாசி இடங்கள் பெண்களுக்கென 2016இல் சட்டமாக்கப்பட்டது. 2018 பெப்ரவரித் தேர்தலில் அது முதன்முறை நடைமுறைக்கு வந்தது. பெண் அங்கத்தவர் தொகை நூற்றுக்கு இருபதைத் தாண்டியது. எனவே, தகுதியான பெண்கள் இல்லை என்ற பேச்சு பொய்யென நிரூபணமாயிற்று. கதவு திறந்தபோது ஆட்கள் வந்தார்கள்.

ஆயினும் அச்சட்டத்துக்குள்ளும் இரட்டை அளவை புகுந்துகொண்டது. வட்டாரத்தில் நேரடியாக நிற்போரின் நியமனப் பத்திரத்தில் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்; மேலதிகப் பட்டியலில் நூற்றுக்கு ஐம்பது பேர். ஆகவே, வெல்லத்தக்க வட்டாரங்களை ஆண்களுக்குப் பங்கிட்டுவிட்டுப் பெண்களைப் பட்டியலில் இடுவது கட்சிகளுக்கு இலகுவாயிற்று. அவ்வாறு வந்த பெண்களை, "வட்டாரம் வெல்லாதவர்கள்" என்று சபையிலே தாழ்த்துவதும் எளிதாயிற்று. வட்டாரத்தைக் கொடாதவர்கள், வட்டாரம் வெல்லவில்லையென்று பழிப்பது என்ன நீதி?

2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலின் கணக்கையும் பார்ப்போம். 2020இல் பன்னிரண்டாக இருந்த பெண் பிரதிநிதிகள் தொகை இருபதைத் தாண்டியது. வாக்காளரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருக்க, இதுவும் நூற்றுக்குப் பத்தை எட்டவில்லை. எனினும், பதுளையில் அம்பிகா சாமுவேலும், நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும், மாத்தறையில் சரோஜா சாவித்திரி போல்ராஜும் தெரிவாயினர். 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சமூகம் தன் பெண்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அதே தேர்தலில், வடக்குக் கிழக்கிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணும் தெரிவாகவில்லை. கல்வியிற் சிறந்தோம் என்று மார்தட்டும் நாம் இதற்கு என்ன விடை கூறப் போகிறோம்?

இரண்டு ஆட்சேபங்கள்

"முதலில் இனத்தின் உரிமை, பெண்களின் காரியம் பின்னர்" என்று சிலர் கூறுவர். காணாமற் போனோருக்காகக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் அமர்ந்தவர்கள் ஆர்? கேப்பாப்புலவில் படையினரிடமிருந்து காணியை மீட்க இரவு பகலாகக் கிடந்தவர்களில் முன்னின்றவர்கள் ஆர்? தாய்மாரே, பெண்களே! இனத்தின் உரிமையை வீதியில் நின்று கேட்கப் பெண் வேண்டும், சபையில் நின்று கேட்க ஆண் வேண்டும் என்பது எந்த இலட்சியம்?

"பெண்ணுக்குக் கமமும் குளமும் தெரியுமோ?" என்பது மற்றோர் ஆட்சேபம். நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் வெங்காயம் நடுவதும் ஆருடைய கைகள்? போரினாலே குடும்பத் தலைவனை இழந்து, தானே கமஞ் செய்து பிள்ளைகளைப் படிப்பித்த பெண்கள் வன்னியில் ஒவ்வோர் ஊரிலும் உளர். உரத்தின் விலையும், அறுவடை நாளில் நெல்லின் விலை விழும் கொடுமையும் அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நாம் செய்யவேண்டுவன

ஆகவே, வெறும் அனுதாபத்தோடு இக்கூட்டம் கலையலாகாது. முதலாவது, எந்தக் கட்சியானாலும் அபேட்சகரைத் தெரிவு செய்யும் குழுவில் பெண்களும் இருக்க வேண்டுமெனக் கேட்போம்; நியமனப் பத்திரம் நிறைவேறிய பின் கேட்பதிற் பயனில்லை. இரண்டாவது, வெல்லத்தக்க வட்டாரங்களிலும் பெண்களை நிறுத்துமாறு வற்புறுத்துவோம். மூன்றாவது, கமக்காரர் அமைப்புகளிலும் கோயிற் பரிபாலன சபைகளிலும் வாசிகசாலைகளிலும் பெண்களைத் தலைவராகவும் தனாதிகாரியாகவும் தெரிவு செய்வோம். பழக்கமின்மை என்ற சாட்டு அங்கேயே தீரட்டும். நான்காவது, காணிச் சட்டத்திலுள்ள அந்த ஒருபக்கக் கையெழுத்தை நீக்குவதற்கு நமது சட்ட அறிஞர்கள் முன்வர வேண்டும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் எளியது. ஆனால் எல்லாவற்றிலும் கடினமானது. பெண் அபேட்சகர் படலையில் வந்து நிற்கும்போது, ஆண் அபேட்சகரிடம் கேளாத கேள்வியை அவரிடமும் கேளாதிருப்போம். குளத்தைப் பற்றி, பாடசாலையைப் பற்றி, வைத்தியசாலையைப் பற்றி, இனத்தின் உரிமையைப் பற்றி இருவரிடமும் கேட்போம். விடை சரியில்லையென்றால் இருவரையும் ஒருங்கே நிராகரிப்போம். பெண் என்பதற்காக வாக்களியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பெண் என்பதற்காக மறுக்காதீர்கள் என்றே கேட்கிறோம்.