எதிர் நாற்காலி
(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதின் எழுத்து வடிவம்)



இது மேடையில முழங்குற விஷயம் இல்லை. உட்கார்ந்து பேச வேண்டியது. அதனால மைக் வேண்டாம்னு சொல்லிட்டேன். நான் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளன். சேரியில் பிறந்தவன். இந்த இரண்டு இடத்திலிருந்தும் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா. 2017 மார்ச்சில் தில்லியில் நம்ம சேலத்து முத்துகிருஷ்ணன். 2019 மே மாதம் மும்பையில் ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வி. 2023 பிப்ரவரியில் அதே மும்பையில் ஐ.ஐ.டி. மாணவன் தர்ஷன் சோலங்கி. ஒவ்வொரு முறையும் சுவரொட்டி ஒட்டினோம், நிறுவனப் படுகொலை என்று சொன்னோம். சரியாகத்தான் சொன்னோம். ஆனால் அந்தச் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சின தோழன் மூணு மாசமாகத் தூங்கவில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? இரங்கல் கூட்டம் போடத் தெரிந்த அளவுக்கு, உயிரோட இருக்கிறவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத் தெரியணும்.

'ஆலோசனைக்குப் போ' என்றால் இரண்டு பதில் வருகிறது. ஒன்று, 'நான் என்ன கீழ்ப்பாக்கம் கேஸா?' 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற சமூகம் இது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் கருகினார்கள். ஆக, ஜனங்களோட பயத்துக்கு நியாயம் இருக்கு. ஆனால் ஆலோசனைக்குப் போகிறவனை யாரும் கட்டிப்போடப் போவதில்லை. போய் உட்கார்ந்து பேசிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

இரண்டாவது பதில் நம்ம அறிவாளித் தோழர்களுடையது. 'இது அரசியல் பிரச்சினை. உளவியல் இதைத் தனிமனிதக் கோளாறாகச் சுருக்கிவிடும்.' இந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஊர்க்காரன் அடிச்சு ஒருத்தருக்கு மண்டை உடைஞ்சா நாம் என்ன செய்கிறோம்? பெரியாஸ்பத்திரியில் சேர்க்கிறோம், தையல் போடுகிறோம், ஏ.ஆர். காப்பி வாங்குகிறோம், பி.சி.ஆர். கேஸும் போடுகிறோம். தையல் போட்டதால கேஸ் நீர்த்துப்போகும்னு யாரும் சொன்னதில்லையே. நாம் அடிக்கடி பேர் சொல்கிற ஃபனானே மனநல மருத்துவர்தான். 1953 முதல் அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனையில் வேலை பார்த்தவர். காலனி ஆட்சியே மனிதர்களைச் சிதைக்கும்போது இங்கே யாரைக் குணப்படுத்துவது என்று 1956இல் ராஜினாமா செய்தார். அதோடு நோயாளிகளை விட்டுவிட்டாரா? துனிஸுக்குப் போய் விடுதலைப் போராட்டத்தில் இருந்துகொண்டே மனநல மருத்துவமும் பார்த்தார்.

சரி, போனால் என்ன நடக்கும்?

முதலில் ஆள் யார் என்று தெரிஞ்சுக்கணும். மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர். பேச்சு வழியாகச் சிகிச்சை தருகிறவர் உளவியலாளர். என்னைப் போன்ற சமூகப் பணியாளர்கள் குடும்பம், வேலை, ஊர் நிலவரத்தையும் சேர்த்துப் பார்ப்பவர்கள். 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டியிருப்பவர் எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் இல்லை. என்ன படிச்சிருக்கீங்க, எங்கே பயிற்சி எடுத்தீங்க என்று கேட்கலாம். கோபித்துக்கொள்கிறவர் உங்களுக்கான ஆள் இல்லை.

அரசு மருத்துவமனை என்றால் ஓ.பி. சீட்டு, வரிசை, கூட்டம். மருத்துவர் பத்து நிமிஷம்கூட ஒதுக்க முடியாமல் இருக்கலாம். அதைப் பார்த்துத் திரும்பிடாதீங்க. பேசுவதற்குத் தனியாக நாள் வேணும்னு கேளுங்க. வழக்கமாக அது முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஒரு தடவை.

முதல் நாள் முழுக்கக் கேள்விதான். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடி உண்டா, வீட்டில் யார் யார், இதுக்கு முன்னாடி வைத்தியம் பார்த்தீங்களா, சாகணும்னு தோணியிருக்கா. கடைசிக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதுசாக முளைக்காது. இருந்தால் உள்ளதைச் சொல்லுங்க. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு.

இந்தக் கேள்விகள் நம்ம ஆட்களை என்ன செய்யும் என்று உளவியல் பாடப்புத்தகத்தில் இல்லை. நம்மைக் காலங்காலமாகக் கேள்வி கேட்டவர்கள் யார்? ஸ்டேஷனில் ஏட்டு. தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு நிற்கும்போது எழுத்தர். வாடகை வீடு கேட்டுப் போனால் 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று சுத்தி வளைக்கிற வீட்டுக்காரன். ஒரு மேசை, எதிரே ஒருத்தர், கையில் பேனா என்றாலே நம்ம உடம்பு இறுகிப்போகும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லி, தப்பாச் சொல்லிட்டோமோன்னு வேர்த்து வெளியே வருவோம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி வைப்பார். அதனால நல்லாக் கேட்டுக்குங்க: அங்கே நீங்கள் விசாரணைக்கு வந்தவர் அல்ல. 'இதை இன்னிக்குச் சொல்ல முடியாது' என்று சொல்லலாம். 'இதை எதுக்குக் கேட்கறீங்க' என்று கேட்கலாம். சும்மா இருக்கலாம். அழுகை வந்தா அழலாம், வராட்டி அதுவும் குறை இல்லை.

பெரும்பாலும் நம்ம ஜனங்க மனசு சரியில்லைன்னு வருவதே இல்லை. உடம்போடுதான் வருவாங்க. ஒரு மாணவன், அடையாளத்தை மாத்திச் சொல்றேன், வயித்து வலின்னு ஸ்கேன் வரைக்கும் எடுத்துட்டு, ஒண்ணுமில்லைன்னு எங்ககிட்ட அனுப்பப்பட்டவன். நாலாவது சந்திப்பில்தான் சொன்னான்: விடுதி மெஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகும். கடைசி ஆளாகப் போய், ஆறினதைச் சாப்பிட்டு வந்திருக்கான். ஒரு வருஷம். அவனுக்கு வயித்து வலி நிஜம். முதல் நாளே அதைச் சொல்லியிருக்க முடியுமா?

முதல் சந்திப்பு முடிந்ததும் பாரம் குறையும்னு எதிர்பார்க்காதீங்க. சிலருக்குக் கூடும். அன்னைக்கு ராத்திரி தனியாக இருக்க வேண்டாம். அவர் அறிவுரை எதுவும் தரலையேன்னும் ஏமாற்றமாக இருக்கும். நல்ல ஆலோசகர் சீக்கிரம் அறிவுரை சொல்ல மாட்டார். முதல் நாளே 'தியானம் பண்ணுங்க, எல்லாம் சரியாகும்' என்று அனுப்புகிறவரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மாத்திரை எல்லாருக்கும் தேவைப்படாது. மனச்சோர்வுக்குக் கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தாதீங்க.

ரகசியம். உங்கள் மனநலம் பற்றிய தகவலை வெளியே சொல்லக் கூடாது என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்கு உண்டு. 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க மேல பாலியல் வன்முறை நடந்திருந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கல்லூரி ஆலோசகர்னா முதல் நாளே நேராகக் கேளுங்க: 'நீங்க எழுதுற குறிப்பைத் துறைத்தலைவர் பார்ப்பாரா? வார்டன் பார்ப்பாரா?' மழுப்பலான பதில் வந்தால் வெளியே பாருங்க.

இப்போ சாதி. எதிரே இருப்பவர் சாதி இந்துவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுக்காகவே எழுந்து வந்துட வேண்டாம். கேட்கத் தெரிந்தவர்கள் அங்கேயும் இருக்காங்க, பார்த்திருக்கிறேன். ஒரு சம்பவத்தைச் சொல்லிப் பாருங்க. 'அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது, அடுத்து என்ன நடந்தது' என்று கேட்டால் தொடரலாம். 'இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா? நீங்க ரொம்ப சென்சிட்டிவ்' என்றால், அல்லது நடுவில் உங்க கட்-ஆஃப் என்னன்னு விசாரித்தால், ஆளை மாற்றுங்க. மனநலச் சேவையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 18ஆம் பிரிவில் சாதி என்கிற வார்த்தையைப் போட்டே எழுதியிருக்கு. புகார் செய்ய உரிமை உண்டு. நல்ல ஆலோசகர் மெஸ் மேசை காலியானதை உங்க கற்பனைன்னு சொல்ல மாட்டார். மேசை காலியானதற்குக் காரணம் நீதான் என்று உனக்குள்ளேயே ஒரு குரல் பேசுதே, அதைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுவார். மேசையை நிமிர்த்துகிற வேலை அவரால் ஆகாது, அது நம்முடையது.

இயக்கத்துக்கும் ஒண்ணு சொல்லணும். கூடப் போங்க. வெளியே பெஞ்சில் உட்காருங்க. உள்ளே என்ன பேசினன்னு கேட்காதீங்க. ஒருத்தரோட வலியை அவர் சம்மதம் இல்லாம மேடையில் உதாரணமாக்காதீங்க. பெண் தோழர்கள் அந்த அறையில் சாதியை மட்டும் பேச மாட்டாங்க. வீட்டில் அடிக்கிற கை நம்ம கொடி பிடிக்கிற கையாகவும் இருக்கலாம். அதைக் கேட்டதும் 'இயக்கத்துக்குக் கெட்ட பேர்' என்று அவங்க வாயை அடைக்கக் கிளம்பாதீங்க.

ஆஸ்பத்திரி தூரம் என்றால் 14416க்குப் போன் போடலாம். டெலி மானஸ், 2022 அக்டோபரில் வந்தது. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம்.

போகிறவங்க ஒரு தாளில் எழுதிட்டுப் போங்க: எப்பயிலிருந்து தூக்கமில்லை, இப்போ என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எதைப் பற்றி இன்னிக்குப் பேச முடியாது. பழைய சீட்டு இருந்தா கையில் எடுத்துக்குங்க. இனி நீங்க கேளுங்க. எல்லார் முன்னாடியும் கேட்க முடியாதவங்க, கூட்டம் முடிஞ்சதும் வாங்க, வாசல் டீக்கடையில் இருப்பேன்.