பேச்சில் வென்றவரும் வாக்கில் வென்றவரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளும் நமக்கு, கற்றோர் நிறைந்த இம்மேடையில் பேச என்ன தகுதி உண்டு என்று தயங்கினோம். செயலாளர் அவர்கள் விடவில்லை. நாள்தோறும் பெயர்ப்பட்டியல்களோடு பழகுகிறவர்கள் நாம். ஆகவே, பட்டியலில் சென்று முடியும் செய்தி ஒன்றைச் சொல்ல இசைந்தோம். அச்செய்தி அமெரிக்காவில் தொடங்கி மட்டாஞ்சேரியில் வந்து முடிகிறது.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் காலை ஆறரை மணியை நம் காலனியினர் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் அப்பொழுது 10-ஆம் நாள் இரவு. பிலடெல்பியா நகரில் கமலா ஹாரிஸ் அம்மையாரும் டொனால்டு டிரம்ப் அவர்களும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட்டனர். நம் வீடுகளில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும் கவனியாமல் அனைவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எர்ணாகுளத்துக்கு வேலைக்குச் செல்வோர் சிலர் படகைக்கூடத் தவறவிட்டனர். இத்தனை ஆர்வம் ஏன்? கமலாவின் அன்னை சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண்மணி. அவருடைய தந்தை பி. வி. கோபாலன் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தில் பிறந்தவர். தஞ்சைத் தரணியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நம்மிடையே பலர். நம் பக்கத்துப் பெண்ணின் மகள் என்ற பாசம் இயல்பானதே.

விவாதம் முடிந்த சற்று நேரத்திலேயே கருத்துக்கணிப்பு வெளியாயிற்று. விவாதத்தைப் பார்த்த வாக்காளர்களில் நூற்றுக்கு 63 பேர், கமலாவே சிறப்பாக வாதிட்டார் என்று சி.என்.என். தொலைக்காட்சி நடத்திய கணிப்பில் கூறினர். டிரம்பு பக்கம் நின்றோர் 37 பேர். அன்று நம் அலுவலகத்தில் தேநீர்ச் செலவு நம்முடையதாயிற்று. "இனி ஐயமில்லை, வெற்றி அம்மையாருக்கே" என்று அடித்துச் சொன்னோம்.

நவம்பர் 5-ஆம் நாள் வாக்குப்பதிவு. துளசேந்திரபுரத்துக் கோயிலில் அவர் வெற்றிக்காகச் சிறப்பு வழிபாடு நடந்தது. முடிவு யாது? டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளும் கமலா 226 வாக்குகளும் பெற்றனர். அலுவலக நண்பர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தனர். "கணிப்பு பொய் சொல்லிவிட்டதே!" என்று நாமும் கசந்துகொண்டோம்.

பின்னர் பொறுமையாக ஆராய்ந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. கணிப்பு பொய் சொல்லவில்லை; நாம்தான் அதைத் தவறாகப் படித்தோம்.

அக்கணிப்பில் விடையளித்தோர் 605 பேரே. கோடிக்கணக்கான மக்களுக்கு 605 பேர் போதுமா எனில், போதும். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். ஆனால் பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுத்த சோறாக இருத்தல் வேண்டும். 1936-இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்க இதழ் ஒரு கோடிப் பேருக்கு அட்டைகள் அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவரோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான பெயர்களை எடுத்ததும், விருப்பமுள்ளோர் மட்டுமே விடையனுப்பியதும் அப்பிழைக்குக் காரணங்கள். மேற்பரப்புச் சோற்றைப் படி படியாக அள்ளினாலும் அடிப்பானை வெந்ததா என்பது தெரியாதன்றோ?

இரண்டாவது செய்தி, கேட்ட கேள்வி. "நன்றாக வாதிட்டவர் யார்?" என்பது ஒன்று, "உம் வாக்கு யாருக்கு?" என்பது வேறொன்று. பட்டிமன்றத்தில் எதிரணிப் பேச்சாளருக்குக் கைதட்டிவிட்டு, நம் கருத்தை மாற்றாமலே வீடு திரும்புவதில்லையா? அதே கணிப்பில் 82 விழுக்காட்டினர், இவ்விவாதத்தால் தம் முடிவு பாதிக்கப்படவில்லை என்றனர். மனம் மாறியவர்கள் 4 விழுக்காட்டினரே. இன்னும் கேளுங்கள்: பொருளாதாரத்தை யாரிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்று வினவியதற்கு, அதே மக்களில் 55 விழுக்காட்டினர் டிரம்பையும் 35 விழுக்காட்டினர் கமலாவையும் சுட்டினர். ஒருவர் பேச்சை மெச்சி, மற்றவரிடம் பணப்பையைக் கொடுக்க எண்ணியோர் பலர். விடை அன்றே அங்கே இருந்தது. நாம் 63-ஐப் பார்த்த களிப்பில் மற்ற எண்களைப் படிக்கவேயில்லை.

விவாதத்தால் பயனே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. அதே ஆண்டு ஜூன் 27-இல் அட்லாண்டாவில் நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறினார். ஜூலை 21-இல் போட்டியிலிருந்தே விலகினார். ஒரு விவாதம் வேட்பாளரையே மாற்றிவிட்டது. எனினும், அரியணையில் யாரை அமர்த்துவது என்பதை முடிவு செய்தது வாக்குச்சீட்டே.

நம் நாட்டிலும் இப்பாடம் உண்டு. 2024 ஜூன் 1-ஆம் நாள் மாலை வெளியான வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளுள் பெரும்பாலானவை, ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேற்பட்ட இடங்கள் என்றன. ஜூன் 4-இல் எண்ணியபோது கிடைத்தவை 293. கணிப்பு விதைநெல்லைப் பார்த்துச் சொல்லும் ஆரூடம். களத்து மேட்டில் அளக்கும் நெல்லே விளைச்சல்.

அன்பர்களே, இனித்தான் மட்டாஞ்சேரிக்கு வருகிறோம்.

அந்தச் செப்டம்பர் நாளின் மாலையில், நம் வீட்டில் விவாதத்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம். பள்ளியில் படிக்கும் மகள் கேட்டாள்: "அப்பா, அமெரிக்காவில் யார் ஜெயிப்பார் என்று இவ்வளவு பேசுகிறீர்களே, ஏப்ரல் மாதம் நம் வீட்டில் ஒருவரும் ஓட்டுப் போடவில்லையே?"

நாம் வாயடைத்துப் போனோம். அவள் சொன்னது உண்மை. 2024 ஏப்ரல் 26-ஆம் நாள் கேரளத்தில் வாக்குப்பதிவு. வேட்டி துவைத்துக் கட்டி, மனைவியுடனும் வயது முதிர்ந்த அன்னையுடனும் வெயிலில் வரிசையில் நின்றோம். எங்கள் மூவர் பெயரும் பட்டியலில் இல்லை. யாரையும் குறை கூறுவதற்கில்லை. இடமாற்றம் பெற்று இங்கே வந்து ஆண்டுகள் பல ஆகியும், முகவரியை மாற்ற நாம் மனுச் செய்யவேயில்லை. "என்றாவது ஊருக்குத் திரும்புவோம்தானே" என்று நாளைக் கடத்திவிட்டோம். திரும்பும் வழியில் அன்னையார், "நடந்து வந்தது கோயிலுக்காவது ஆகியிருக்கும்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அது இன்றும் சுடுகிறது.

முன்பதிவுப் பட்டியலில் பெயர் இல்லாமல் வந்து வாதாடும் பயணிகளிடம், "பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஐயா இடம்" என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். அந்நாளில் நாமே பெயரில்லாப் பயணியானோம்.

இது நம் ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. வெளியில் சலவைத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இம்மண்ணில் வேரூன்றியவர்கள். நேற்று வந்தவர்களாகிய நாமோ இங்கே குடியிருந்து, இங்கே தண்ணீர் வரி கட்டி, இங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்து, மனத்தை மட்டும் ஊரில் வைத்திருக்கிறோம். அங்கும் வாக்களிக்கப் போவதில்லை; இங்கும் பெயரில்லை. குழாயில் நீர் வரவில்லை, ஓடை அடைத்துக்கொண்டது என்று முறையிடும்போது, பெயரில்லாதவன் குரல் எத்தனை தூரம் கேட்கும்?

வழி எளிது. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறியோர்க்குப் படிவம் 8. சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள்களைக் கொண்டு 18 வயது கணக்கிடப்படுகிறது. சங்க அறையில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அமர்ந்து, படிவம் நிரப்பித் தர நாம் அணியமாயிருக்கிறோம். யாருக்கு வாக்களிப்பது என்று ஒரு சொல்லும் சொல்லமாட்டோம். அது அவரவர் உள்ளத்துக்குரியது. எங்கள் மூவர் பெயர்களும் இப்பொழுது பட்டியலில் ஏறிவிட்டன என்பதை, நம்மைக் கேள்வி கேட்ட மகளின் முன்னிலையிலேயே மகிழ்வுடன் அறிவித்துக்கொள்கிறோம்.

அயல்நாட்டு விவாதங்களைப் பார்ப்போம். கணிப்புகளைக் கண்டு களிப்போம். தேநீரும் வாங்கிக் கொடுப்போம். ஆனால் அந்த 605 பேர் நம்மைக் கேட்டு விடை சொல்லவில்லை. நம்மைக் கேட்கப்போகும் கணிப்பு ஒன்றே ஒன்றுதான். அது இவ்வூர்ப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் நடைபெறும். அன்று நம் பெயர் பட்டியலில் இருக்கட்டும்.