செயினுக்கு அரை மணி நேரம்

மோட்டார் சைக்கிளைத் தினமும் துணி போட்டுத் துடைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டேங்க் பளபளக்கும், கண்ணாடி மின்னும். கீழே குனிந்து செயினைப் பார்த்தால் துருவும் மண்ணுமாகக் கிடக்கும். தூத்துக்குடியில் வெகுகாலமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வருகிற வண்டிகளில் முதலில் என் கண் போவது செயினுக்குத்தான். ஸ்பேனர் பிடித்தே பழகாதவர்கூட இதை வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரலில் வைத்து, சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சிலர் வண்டியை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் போட்டு, சக்கரம் தானாகச் சுற்றச் சுற்றச் செயினைத் துடைப்பார்கள். அப்படித் துடைத்து விரல் நுனியை இழந்த ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். துணியின் ஓரத்தைச் செயின் பல்சக்கரத்துக்குள் இழுத்தது, கூடவே விரலையும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் தயவுசெய்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இப்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே, கீழ்ப்பக்கச் செயினை ஒரு விரலால் மேலே தூக்கிப் பாருங்கள், பிறகு கீழே இழுத்துப் பாருங்கள். செயின் முழுக்க மூடிய வண்டி என்றால் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றிப் பார்க்கலாம். மொத்த ஆட்டம், நாம் ஓட்டும் 100, 125 சிசி வண்டிகளில், பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு, வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்துவிடுங்கள். ஓரிடத்தில் பார்த்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கேதான் அளக்க வேண்டும்.

ஆட்டம் எதற்கு, நன்றாக இழுத்து இறுக்கிவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு கீலைச் சுற்றி மேலும் கீழும் அசைகிறது. முன் பல்சக்கரமோ அந்தக் கீலுக்கு முன்னால், என்ஜினில் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது பின்சக்கரம் மேலே ஏறும். முன் பல்சக்கரம், கீல், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போது, இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் கூடிவிடுகிறது. அந்தக் கூடுதல் தூரத்துக்காகத்தான் நாம் ஆட்டம் விட்டுவைக்கிறோம். விடாவிட்டால் அந்த இழுப்பு கியர் பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்குக்கும், பின்சக்கர பேரிங்குக்கும் போகும்.

கல்லூரி மாணவி ஒருவர், “செயினை நானே டைட் பண்ணிட்டேன் அண்ணா, அப்பவும் சத்தம் வருது” என்று வந்தார். பார்த்தேன். பின் ஆக்சிலின் இரண்டு பக்கமும் செயினை இறுக்கும் அட்ஜஸ்டர்கள் ஒரே கோட்டில் நின்றன. அவ்வளவு சுத்தமான வேலை. ஆட்டம் மட்டும் கொஞ்சமும் இல்லை. கூட வந்த அப்பாவையும் தம்பியையும் வண்டியில் உட்கார வைத்து, அந்த மாணவியையே குனிந்து செயினைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வீணைத் தந்தியைப் போல விறைத்து நின்றது. வாயால் எத்தனை முறை சொன்னாலும் அப்படிப் புரிந்திருக்காது. இன்று அவர் தெருவில் இருக்கிற வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் செயின் பார்க்கிறார். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

சுத்தம் செய்ய ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், ஒரு பழைய டூத் பிரஷ், கொஞ்சம் பனியன் வேஸ்ட். இவ்வளவு போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் பயம் ஒரு பக்கம். ஓ-ரிங் வைத்த செயின் என்றால் அந்த ரப்பர் வளையங்களும் கெட்டுப்போகும். கம்பி பிரஷும் அதற்கு ஆகாது. தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். செயின் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத் தெறிக்கும். உள்பக்கம் விட்டால்தான் கண்ணிகளுக்குள் புகுந்து போகும். ஆயில் மாற்றும்போது வடித்த கறுப்பு என்ஜின் ஆயிலைப் பலர் எடுத்து விடுகிறார்கள், அதில் உலோகத் துகள் கலந்திருக்கும், விடாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசி வந்து அப்பிக்கொள்ளும். டயரில் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது. ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் விட்டால் நல்லது. மழையில் நனைந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே.

எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே காற்றிலேயே உப்பு. உப்பளத்துக்கு வேலைக்குப் போய்வருகிற வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். தருவைகுளம் பக்கமிருந்து மீன் ஏற்றி வருகிற வியாபாரி ஒருவருக்குச் செயின் தாக்குப்பிடிக்கவே இல்லை. “என்ன தம்பி, புதுசு மாட்டி நாளாகலையே” என்பார். பார்த்தால், ஐஸ் பெட்டியிலிருந்து உருகி வடிகிற உப்புத் தண்ணீர் நேராகச் செயின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியின் அடியில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, தண்ணீர் செயினிலும் படாமல் டயரிலும் படாமல் வண்டிக்குப் பின்னால் வடியும்படி இழுத்துவிட்டோம். வியாபாரம் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் செயினுக்காக வரவில்லை, மீன் கொடுக்கத்தான் வந்தார்.

நேரம் ஓடுகிறது. இறுக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று கால் சுற்றாக ஒரே அளவு திருப்புங்கள். கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல நிற்க வேண்டும். ஆக்சில் நட்டை முழுமையாக முடுக்கியபின் ஆட்டத்தை மறுபடி பாருங்கள். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னுக்கு நகர்ந்ததும் பிரேக் கம்பி இறுகிவிடும். பெடலைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். முதல் தடவை உங்கள் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கியாக வளைந்திருந்தால் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை, முன்பின் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

செயினோடு சேர்த்து டயர் காற்றையும், வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள். என்ஜின் ஆயிலைக் குச்சியில் பாருங்கள். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கும் பைக் ஆயிலையே வாங்குங்கள், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. இவற்றை இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம். வடகிழக்குப் பருவமழை வருமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து செயினைச் சுத்தம் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.